தயிர்க் கிண்ணத்தில் நீண்ட ஆயுளைத் தேடியவர்: விஞ்ஞானி மெச்னிகோவின் வாழ்க்கை

ரிங்லெட் - தாப்பாவிலிருந்து மலையேறி வருகிறவர்கள் கேமரன் மலையில் முதலில் காணும் ஊர் ரிங்லெட். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்த ஊரிலும், சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கீழே தாப்பாவிலோ ஈப்போவிலோ இரவில் உறை ஊற்றிய பால் காலையில் தயிராகிவிடும். இங்கே மழையும் குளிருமான நாளில் மறுநாள் மதியம் ஆனாலும் பால் பாலாகவே கிடக்கும். அதற்காகத்தான் பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பங்கரை ஓரத்தில் வைப்பார்கள். சிலர் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள்.

பால் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, பழைய தயிரில் ஒரு கரண்டி ஊற்றி, சூடு போகாமல் மூடி வைப்பது. இதை நம் பாட்டிமாருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன என்பதும், அவை குளிரில் சோம்பிவிடும், இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாகிவிடும் என்பதும் அவர்கள் கண்ணால் கண்டதில்லை. கை அறிந்திருந்தது, அவ்வளவுதான்.

இன்று டவுன் கடைகளில் குளிர்ப்பெட்டி முழுக்கப் புளித்த பால் பானங்கள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் குடலுக்கு நல்லது என்று சொல்கிறது. அந்தப் பேச்சை முதன்முதலில் உலகமெங்கும் பரப்பியவர் நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் இலியா மெச்னிகோவ். நோபல் பரிசு பெற்றவர். அவர் சொன்னதில் எது சரி, எது தவறு என்று தெரிந்துகொண்டால், கடையில் எதை வாங்குவது, வீட்டில் எதைச் செய்வது என்பதும் நமக்குத் தெளிவாகிவிடும்.

கார்க்கோவ் அருகே ஒரு கிராமத்துச் சிறுவன்

மெச்னிகோவ் 1845-ஆம் ஆண்டு மே மாதம், அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த கார்க்கோவ் நகருக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றில் பிறந்தார். இன்று அந்தப் பகுதி உக்ரைனில் இருக்கிறது. தந்தை பேரரசின் காவல் படையில் அதிகாரியாக இருந்தவர். தாய் யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் எழுத்தாளரின் மகள். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி.

சிறுவயதிலேயே செடி, பூச்சி, புழு என்று தேடி அலைந்தவர். கார்க்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து 1864-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் கடல் உயிரினங்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். இருபத்திரண்டு வயதில் ஒடெஸா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகிவிட்டார். வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்களில் சிலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள்.

இரண்டு முறை வாழ்வை வெறுத்தவர்

படிப்பில் கொடிகட்டிப் பறந்தவருக்கு வாழ்க்கை அப்படி அமையவில்லை. 1869-இல் லுட்மிலா என்ற பெண்ணை மணந்தார். அவருக்குக் காசநோய். நடக்கவும் முடியாத நிலையில், திருமணத்துக்கு அவரை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். நல்ல காற்று கிடைத்தால் பிழைப்பார் என்ற நம்பிக்கையில் மெச்னிகோவ் மனைவியை ஊர் ஊராக அழைத்துப் போனார். கடைசியில் மடெய்ரா தீவில் 1873-இல் லுட்மிலா இறந்துபோனார். துயரம் தாங்காமல் மெச்னிகோவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓல்கா என்ற இளம்பெண்ணை மணந்தார். 1880-இல் ஓல்காவை டைஃபாய்டு காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது. அதே காலத்தில் பல்கலைக்கழகத்தில் அரசியல் குழப்பம். இதயக் கோளாறு, கண் வலி என்று தம் உடம்பும் படுத்தியது. மறுபடியும் மனம் உடைந்து, காய்ச்சல் நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். கடும் காய்ச்சலில் விழுந்தார். இந்த முறையும் உயிர் தங்கியது. ஓல்காவும் தேறினார்.

அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்தவர் வேறு மனிதராக எழுந்தார். வாழ்க்கை பாரம் என்று நினைத்தவருக்கு வாழ ஆசை வந்தது. நோயும் முதுமையும் மனிதனை ஏன் இப்படி வாட்டுகின்றன, அதற்கு மாற்று இல்லையா என்ற கேள்வியே பின்னாளில் அவருடைய ஆராய்ச்சி முழுவதையும் இழுத்துச் சென்றது.

முள் குத்திய நட்சத்திர மீன்

1882-இல் ஒடெஸா வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெஸ்ஸினா நகருக்குப் போனார். கடற்கரை வீட்டின் வரவேற்பறைதான் ஆய்வுக்கூடம். டிசம்பரில் ஒருநாள் வீட்டார் எல்லாரும் குரங்குகளின் வித்தையைக் காண சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் தனியாக நுண்ணோக்கியில் நட்சத்திர மீனின் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல் உடல் கொண்ட அந்தக் குஞ்சுகளுக்குள் சில உயிரணுக்கள் இங்குமங்கும் நகர்ந்துகொண்டிருந்தன.

அப்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கொழுந்து பறிக்கும் விரலில் சிராய் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டும் அல்லவா? அந்தச் சீழ் முழுக்க வெள்ளை அணுக்கள். அவை அங்கே வந்து கூடுவது எதற்காக? உடலைக் காக்கத்தான் ஓடி வருகின்றனவோ? தோட்டத்திலிருந்த ரோஜாச் செடியின் முட்களை எடுத்து வந்து அந்தக் குஞ்சுகளின் உடலில் குத்தி வைத்தார். அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சுற்றிக் கூட்டமாய் மொய்த்திருந்தன.

உடலுக்குள் அந்நியர் நுழைந்தால் பிடித்து விழுங்கும் காவல்படை ஒன்று இருக்கிறது என்பது அந்தக் காலையில் அவருக்கு உறுதியானது. விழுங்கும் அணுக்கள் என்ற பொருளில் அவற்றுக்கு ஃபேகோசைட் என்று பெயர் வைக்கப்பட்டது. நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய இன்றைய அறிவியலுக்கு இது ஓர் அடிக்கல். ஆனால் அன்று பலர் ஏற்கவில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள பொருள்களே நோயை எதிர்க்கின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானிகள் வாதாடினார்கள். அந்தச் சண்டை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இரு தரப்பும் பாதிப் பாதி சரி என்பது பிறகு தெரிந்தது. 1908-இல் மருத்துவ நோபல் பரிசை மெச்னிகோவுக்கும், எதிரணியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

காலராவைக் குடித்தவர்

இடையில் 1886-இல் ஒடெஸாவின் கிருமி ஆய்வு நிலையத்துக்குத் தலைவரானார். அங்கே எதிர்ப்பும் தொல்லையும் தாங்க முடியவில்லை. 1888-இல் பாரிஸ் போய் லூயி பாஸ்டரைச் சந்தித்தார். பாஸ்டர் தாம் தொடங்கிய புதிய ஆய்வுக் கழகத்தில் இவருக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கொடுத்தார். இறக்கும் வரை 28 ஆண்டுகள் அதுவே இவருக்கு வீடு போலாயிற்று.

இந்த இடத்தில் நம் முன்னோர்களோடு ஒரு தொடர்பு வருகிறது. ஒடெஸாவில் இவரிடம் படித்த வால்டெமர் ஹாஃப்கின் என்ற இளைஞருக்குப் பாரிஸ் கழகத்தின் நூலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர் மெச்னிகோவ்தான். அந்த ஹாஃப்கின் காலராவுக்குத் தடுப்பூசி தயாரித்து, முதலில் தமக்கே போட்டுப் பார்த்துவிட்டு, 1893-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். ஊர் ஊராகச் சுற்றி ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டார். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களில் உண்டு. அந்நாளில் வாந்திபேதி வந்தால் லயத்துக்கு லயம் சாவு விழும். தோட்டத்து மக்களுக்கு அந்த ஊசி எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்தில் ஆசிரியரும் பாரிசில் காலராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஊரில் காலரா பரவுகிறது. ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களில் ஒருவர் சாகிறார், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? இதை அறிய 1892-இல் மெச்னிகோவ் காலராக் கிருமியைத் தாமே குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. தன்னார்வலர் ஒருவர் குடித்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் குடித்தார். அவர் சாவின் வாசல் வரை போய் மீண்டார். இன்று எந்த மருத்துவ நெறியும் இப்படிப்பட்ட சோதனையை அனுமதிக்காது. அதோடு அவரும் அதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஆய்வுக்கூடத் தட்டில் காலராக் கிருமியோடு வேறு வேறு பாக்டீரியாக்களைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். சில பாக்டீரியாக்கள் அருகில் இருந்தால் காலரா செழித்தது. வேறு சில இருந்தால் காலரா வளரவே இல்லை. அப்படியானால் ஒருவர் நோயில் விழுவதும் தப்புவதும் அவர் குடலுக்குள் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று அவர் முடிவுக்கு வந்தார். குடலில் வாழும் பாக்டீரியாக்களில் நமக்குக் காவலாக நிற்பவையும் உண்டு என்ற எண்ணம் இப்படித்தான் அவரிடம் வேர்விட்டது.

முதுமையும் புளித்த பாலும்

ஐம்பது வயதைத் தாண்டியபோது மெச்னிகோவின் கவனம் முதுமையின் பக்கம் திரும்பியது. முதுமையைப் பற்றிய அறிவியலுக்கு ஜெரோன்டாலஜி என்று 1903-இல் பெயர் சூட்டியவரும் இவரே. பெருங்குடலில் சில பாக்டீரியாக்கள் உணவை அழுகச் செய்கின்றன, அதில் உண்டாகும் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடலை மெல்ல மெல்லக் கெடுக்கிறது, அதனால்தான் மனிதன் சீக்கிரம் கிழவனாகிறான் என்று அவர் கருதினார்.

அந்த அழுகலைத் தடுப்பது எப்படி? இதற்கு விடை எல்லா நாட்டுச் சமையலறையிலும் இருந்தது. பச்சைப் பாலை வெளியே வைத்தால் கெட்டுப்போகும். அதுவே புளித்துத் தயிரானால் சில நாள் தாங்கும். பாலிலுள்ள சர்க்கரையை பாக்டீரியாக்கள் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடும்போது பாலின் புரதம் திரண்டு கெட்டியாகிறது. அந்தப் புளிப்பில் அழுகச் செய்யும் கிருமிகள் வாழ முடிவதில்லை. பானைக்குள் நடக்கிற இந்த வேலையைக் குடலுக்குள்ளும் நடத்திவிட்டால் என்ன என்று மெச்னிகோவ் யோசித்தார்.

பல்கேரியாவில் புளித்த பாலை அன்றாடம் சாப்பிடும் கிராமத்தார் நூறு வயதுக்கு மேலும் வாழ்கிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. 1905-இல் ஜெனீவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், தம் நாட்டுத் தயிரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இன்றும் யோகர்ட் தயாரிக்கப் பயன்படும் பல்காரிகஸ் வகை அதுதான். மெச்னிகோவ் அதில் தம் நம்பிக்கையை வைத்தார். தாமும் பல ஆண்டுகள் தினமும் புளித்த பால் சாப்பிட்டு வந்தார். பச்சையாக எதையும் உண்ணாமல், எல்லாவற்றையும் வேகவைத்தே உண்டார்.

புகழும் பிழையும்

1904-இல் பாரிசில் முதுமையைப் பற்றி அவர் ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். பத்திரிகைகள் விட்டுவைக்குமா? புளித்த பால் குடித்தால் கிழத்தனம் வராது என்கிற அளவுக்குச் செய்தி பரவியது. பாரிசிலும் இலண்டனிலும் நியூயார்க்கிலும் மருந்துக் கடைகளில் தயிர் விற்றார்கள். பாக்டீரியா மாத்திரை, பாக்டீரியாப் பொடி என்று விளம்பரங்கள் கிளம்பின. அவர் பெயரை வைத்துப் பலர் காசு பார்த்தார்கள். இன்று சமூக ஊடகத்தில் வரும் மருத்துவச் செய்திகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. காலம்தான் வேறு, கதை அதேதான்.

மெச்னிகோவ் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. புளித்த பால் ஆயுளை நீட்டும் என்பதை அவர் ஒரு கருத்தாகவே வைத்தார், மேலும் ஆராய வேண்டும் என்றும் எழுதினார். ஆனால் அவரிடமும் பிழை இருந்தது. பல்கேரியக் கிராமத்தார் உண்மையில் எத்தனை வயது வாழ்ந்தார்கள் என்பதற்குச் சரியான பிறப்புப் பதிவு கிடையாது. அவர்கள் நீண்டநாள் வாழ்ந்திருந்தாலும், அதற்குத் தயிர்தான் காரணமா, மலைக்காற்றா, உழைப்பா, எளிய சாப்பாடா என்று பிரித்துப் பார்க்கவும் இல்லை.

பெரிய பிழை இன்னொன்று. பெருங்குடல் மனிதனுக்குத் தேவையற்ற உறுப்பு என்றே அவர் நினைத்தார். அதற்காக அதை அறுத்து எடுக்கும்படி அவர் சொல்லவில்லை. உணவால் சரிசெய்ய வேண்டும் என்பதே அவர் வழி. ஆனால் அதே காலத்தில் இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், குடல் நஞ்சுக் கருத்தை நம்பி, மலச்சிக்கலுக்காகவே பலருக்குப் பெருங்குடலை வெட்டி எடுத்தார். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நாரை உடைத்து நமக்கு ஊட்டம் தருகின்றன என்பது இன்று நன்றாகத் தெரியும். வீண் என்று ஒதுக்கிய இடம்தான் காவல்படையின் பெரிய முகாம்.

கடைசி நாட்கள்

1909-இல் மெச்னிகோவும் ஓல்காவும் ரஷ்யாவில் டால்ஸ்டாயின் வீட்டுக்குப் போனார்கள். இரு குடும்பத்துக்கும் வேறொரு வகையில் பந்தம் இருந்தது. மெச்னிகோவின் அண்ணன் இவான் நீதிமன்ற அதிகாரியாக இருந்து நோயில் இறந்தவர். அந்த மரணத்தை மனத்தில் வைத்துத்தான் டால்ஸ்டாய் இவான் இலியிச்சின் மரணம் என்ற கதையை எழுதினார். ஆன்மிகத்தில் விடை தேடிய எழுத்தாளரும் அறிவியலில் விடை தேடிய ஆய்வாளரும் அன்று ஒரே வீட்டில் அமர்ந்து பேசினார்கள்.

முதல் உலகப் போர் மூண்டதும் இளைய ஆய்வாளர்கள் போர்முனைக்குப் போய்விட, பாஸ்டர் கழகத்தின் ஆய்வுக்கூடங்கள் வெறிச்சோடின. மெச்னிகோவின் இதயம் பலவீனமானது. 1916-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், கழக வளாகத்திலேயே காலமானார். வயது 71. நூறு வயதைப் பற்றிப் பேசியவருக்கு நூறு வயது கிடைக்கவில்லை. இறந்த பின் தம் உடலை அறுத்து ஆராயும்படியும், முக்கியமாகக் குடலைக் கவனமாகப் பார்க்கும்படியும் மருத்துவ நண்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தாம் சொன்னது சரியா என்று தம் உடம்பை வைத்தே சோதிக்கச் சொன்ன மனிதர் அவர். அவருடைய அஸ்தி பாஸ்டர் கழக நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இளமையில் இரண்டு முறை வாழ்வை வெறுத்தவர், முதுமையில் வாழ்க்கையை நம்பச் சொல்லும் புத்தகங்களை எழுதிவிட்டுப் போனார் என்பதை மறந்துவிடக் கூடாது.

அவருக்குப் பின் வந்த சோதனைகள்

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளில் அவர் கருத்துக்கு அடி விழுந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரெட்கரும் செப்லினும் 1921-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கேரியப் பாக்டீரியா மனிதக் குடலில் தங்கி வாழ்வதில்லை என்று காட்டினார்கள். சாப்பிடும் வரை இருக்கும். நிறுத்தினால் போய்விடும்.

ஆனால் விதை அழியவில்லை. 1919-இல் பார்சிலோனாவில் ஐசக் கராஸோ என்பவர் யோகர்ட் தயாரித்து விற்கத் தொடங்கி, தம் மகன் டேனியலின் செல்லப் பெயரால் அதற்கு டனோன் என்று பெயர் வைத்தார். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவ ஆய்வாளர், வயிற்று அமிலத்தையும் பித்த நீரையும் தாக்குப்பிடிக்கும் ஒரு பாக்டீரியா வகையை 1930-இல் தேர்ந்தெடுத்து வளர்த்தார். 1935-இல் அது யாகுல்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் அந்தச் சின்னப் போத்தலின் பாட்டன் வீடு பாரிசில் இருக்கிறது என்று சொல்லலாம்.

காவலாக நிற்கும் பாக்டீரியா என்ற கருத்தும் பின்னர் மெய்யானது. 1950-களில் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். சாதாரண எலிக்கு சல்மோனெல்லா நோய் வர ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்த பிறகு, பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாக இருந்தன. 2014-இல் வங்காளதேசக் காலரா நோயாளிகளை ஆராய்ந்தபோது, குடலில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா காலராக் கிருமியை அடக்குவதைக் கண்டார்கள். 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளுக்கு லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பாலைப் புளிக்கவைக்கும் சாதாரண வகை அது. அது உண்டாக்கிய லாக்டிக் அமிலம் காலராவைக் கட்டுப்படுத்தியது. காலராவைக் குடித்துப் பார்த்த கிழவர் 126 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கேள்விக்கு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விடை வந்தது.

மனிதர்களிடம் என்ன கண்டார்கள்? கல்கத்தாவின் ஏழைக் குடியிருப்புகளில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 3,758 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஷிரோட்டா வகை பாக்டீரியா உள்ள பானம், மற்றவர்களுக்கு அது இல்லாத பானம். 12 வாரம் கொடுத்து, மேலும் 12 வாரம் கண்காணித்தார்கள். பாக்டீரியா பானம் குடித்தவர்களிடம் வயிற்றுப்போக்கு 14 விழுக்காடு குறைவாக இருந்தது. 2011-இல் வெளியான முடிவு இது. பலன் உண்டு, ஆனால் நூற்றுக்கு நூறு அல்ல. சுத்தமான தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அது ஈடாகாது.

அதே 2011-இல் அமெரிக்காவில் ஒரே கருவில் பிறந்த ஏழு ஜோடி இரட்டைச் சகோதரிகளிடம் புளித்த பால் பானம் கொடுத்து நான்கு மாதம் கவனித்தார்கள். குடலில் எந்தெந்தப் பாக்டீரியா இருக்கிறது என்ற பட்டியல் குறிப்பிடும்படி மாறவில்லை. ஆனால் அவற்றின் வேலையில், குறிப்பாக மாவுச்சத்தைச் செரிக்கும் வேலையில், மாற்றம் தெரிந்தது. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் மாறுவதில்லை, வீட்டில் நடக்கும் வேலை மாறுகிறது அல்லவா? அது போலத்தான்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. நம் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 டிரில்லியன். பெரும்பகுதி பெருங்குடலில். நல்ல தயிர் ஒரு கிராமில் 10 கோடி உயிருள்ள பாக்டீரியா என்று வைத்துக்கொண்டால், நூறு கிராம் கிண்ணத்தில் ஆயிரம் கோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும், உள்ளே இருப்பவர்களில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் பல வயிற்று அமிலத்தில் மடிந்துவிடும். ஆகவே தயிரால் பலன் வேண்டுமானால், எப்போதோ ஒருநாள் சாப்பிட்டால் போதாது. தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

2021-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பத்து வாரம் யோகர்ட், கெஃபிர், கிம்சி போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டது. மற்றொரு குழு நார்ச்சத்து உணவை நிறையச் சாப்பிட்டது. புளித்த உணவுக் குழுவினரின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின. உடலில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. ஆய்வு சிறியதுதான் என்றாலும் நம்பிக்கை தருவது.

நம் வீட்டுத் தயிர்

மெச்னிகோவின் கதையிலிருந்து தோட்டத்திலும் டவுனிலும் இருக்கும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வீட்டில் தோய்த்த தயிரும் மோரும் எதற்கும் குறைந்தவை அல்ல. பால் குடித்தால் வயிறு உப்பும், கடமுடா என்னும் என்று சொல்கிற பெரியவர்கள் நம்மில் அதிகம். பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி வயது ஏற ஏற நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை பாக்டீரியாக்களே தின்றுவிட்டிருக்கும். மீதியைச் செரிக்கவும் அவை உள்ளே போய் உதவுகின்றன. தயிரின் பயன்களில் ஐயமின்றி நிறுவப்பட்டது இதுதான். பாட்டி பால் வேண்டாம், மோர் கொடு என்று கேட்டதில் காரணம் இருந்தது.

இரண்டாவது, உயிருள்ள பாக்டீரியா வேண்டுமானால் தயிரைக் கொதிக்கவிடக் கூடாது. மோர்க்குழம்பு ருசியும் சத்தும் தரும், ஆனால் அதில் பாக்டீரியா மடிந்துபோயிருக்கும். தயிர்ச்சோறு, பச்சடி, நீர்மோர் ஆகியவற்றில்தான் அவை உயிரோடு கிடைக்கும். சோறு நன்றாக ஆறிய பிறகு தயிர் ஊற்றிப் பிசைவதும் அதனால்தான் நல்லது.

மூன்றாவது, கடையில் வாங்குவதானால் லேபிளில் சீனி அளவைப் பாருங்கள். இந்நாட்டில் நீரிழிவு நோய் இந்தியர்களிடையேதான் அதிகம் என்று சுகாதார அமைச்சின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. குடலுக்கு நல்லது என்று நினைத்துச் சீனி நிறைந்த பானத்தை நாளுக்கு இரண்டு மூன்று போத்தல் குடித்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதையாகிவிடும். சீனி சேர்க்காத வெறும் தயிரே போதும்.

நான்காவது, உள்ளே குடியிருப்பவர்களுக்கும் சாப்பாடு போட வேண்டும். அவர்களுக்கு வேண்டியது நார்ச்சத்து. கீரை, பருப்பு, கொண்டைக்கடலை, காய்கறி. கேமரன் மலைக் காய்கறி நாடு முழுக்கப் போகிறது. அது விளையும் இடத்தில் இருக்கும் நம் தட்டிலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

ஐந்தாவது, தயிர் மருந்துக்கு மாற்று அல்ல. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு-சீனிக் கரைசல் கொடுத்து உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் கொடுத்த கிருமிக்கொல்லி மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அது முடிந்ததும் பாக்டீரியா மாத்திரை வாங்கித் தின்றால் குடல் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும் என்றும் எண்ணிவிட முடியாது. 2018-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் செய்த ஆய்வில், அப்படிச் சாப்பிட்டவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியா திரும்பி வர இன்னும் தாமதமானது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் இத்தகைய மாத்திரைகளை எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

மெச்னிகோவ் பாதி சரி, பாதி தவறு. நம்முள் வாழும் நுண்ணுயிர்கள் நம் நலத்தோடு பின்னியிருக்கின்றன என்று அவர் கண்டது சரி. ஒரு கிண்ணம் தயிரால் முதுமையை நிறுத்தலாம் என்று எதிர்பார்த்தது கைகூடவில்லை. ஆனால் தாம் நம்பியதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கும் நேர்மை அவரிடம் இருந்தது. அவர் பெயரைச் சொல்லி மாத்திரை விற்றவர்களிடம் அது இல்லை. அந்த வேறுபாட்டை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்றிரவு ரிங்லெட்டில் குளிர் இறங்கும்போது ஏதோ ஒரு வீட்டில் பாலில் உறை ஊற்றி, பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைப்பார்கள். நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி இன்றைக்கு, இன்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி நாளைக்கு. அந்தப் பழக்கம் அறுந்துபோகாமல் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.